வீட்டைத் தவிர எல்லாம்

காப்பிக் கோப்பை நிறைவதற்குள் டார்லா பிட்னர் முந்தின நாள் எதைக் கெடுத்தார் என்பதைச் சொல்லி முடித்துவிடுகிறார். "நேத்து சோப்பு காய்ச்சினேன். கரண்டி நட்டமா நிக்குது. உள்ளயும் போகல, வெளியவும் வரல." அதற்கு முந்தின நாள் பாலாடைக்கட்டி. "பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆடு கிட்ட வந்து மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு. அதோட பால்தான், அதுக்கே அடையாளம் தெரியல." சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. மேசையில் மற்றவர்கள் சிரித்து ஓயும்வரை காத்திருந்துவிட்டு, பிறகுதான் சர்க்கரையைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார்.

மேசை இருப்பது கார்வர்டன் தானியக் கிடங்கின் அலுவலகத்தில், லாரிகளை எடை போடும் ஜன்னலுக்குப் பக்கத்தில். ஊரில் வேறு காப்பிக்கடை கிடையாது. எங்கள் வாரப் பத்திரிகையின் செய்திகளில் பாதி இந்த மேசையில் கிடைக்கிறது. மறு பாதியை அச்சாகி வந்த பிறகு இதே மேசை மறுக்கிறது.

"நானே என்னைக் கேலி பண்ணிட்டா உங்களுக்கு மிச்சம் இருக்காதுல்ல," என்பது டார்லாவின் கொள்கை.

"அந்தக் கவலையே வேணாம்மா. நீ எப்பவும் எங்களுக்குக் கொஞ்சம் வெச்சிட்டுத்தான் போற," என்பார் ஆர்வில் நாப். டார்லாவின் நிலத்துக்கு எதிர்ப்புறம் குடியிருப்பவர், கோதுமை விதைப்பதை மகனிடம் விட்டுவிட்டு, மகன் விதைப்பதைக் குறை சொல்வதை முழுநேர வேலையாக வைத்துக்கொண்டவர்.

டார்லாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. நெடுநெடுவென்ற உடம்பு, ஒரு பக்கம் டேப் ஒட்டிய மூக்குக் கண்ணாடி, யாரோ ஓர் ஆணுக்குத் தைத்த கோட்டு. கோட்டின் வலது பையில் குறடு, இடது பையில் மக்காச்சோளம். சில்லறை தேடினால் மக்காச்சோளம்தான் வெளியே வரும். இங்கே வருவதற்கு முன் விச்சிட்டா நகரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருடம் தொலைபேசிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். புயலில் கூரை போனவர்களும் குழாய் வெடித்து வீடு மூழ்கியவர்களும் கூப்பிடுவார்கள். "இதுக்குக் காப்பீடு இல்லைன்னு சொல்றதுதான் வேலை. இனிமையான குரல்ல சொல்லணும். எனக்கு ரெண்டு தடவை விருது குடுத்தாங்க."

அப்போதுதான் கார்வர்டன் நிலத்தை இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்தது. இருக்கிறவர்கள் வெளியேறிக்கொண்டிருந்த ஊர், புதியவர்களை இழுக்கக் கண்டுபிடித்த வழி அது. கிழக்கு ஓரத்தில் ஒரு வரிசை மனைகள். வந்து வீடு கட்டிக் குடியிருந்தால் உங்களுக்கே. நாடு முழுவதிலிருந்தும் தொலைபேசி வந்தது. நகர எழுத்தர் லினெட் ஹாஸ்கெல் ஒவ்வொருவருக்கும் ஒரே பாட்டைப் பாடினார். "சார், குடியேறி வீடு கட்டினா அரசாங்கம் நூத்தறுபது ஏக்கர் குடுத்த ஹோம்ஸ்டெட் சட்டம் செத்து அம்பது வருஷம் ஆகப்போகுது. நாங்க குடுக்கறது ஒரு ஏக்கர். அதுலயும் பாதி முள்ளு." பெரும்பாலோர் அந்த இடத்தில் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். டார்லா மட்டும், "என்ன முள்ளு?" என்று கேட்டாராம்.

ஒப்பந்தம் சுருக்கமானது. இரண்டு வருடத்துக்குள் மனையில் வீடு இருக்க வேண்டும். அஸ்திவாரம், கூரை, கதவு, ஜன்னல், அடுப்பு. சக்கரம் வைத்தது எதுவும் வீடாகாது. பழைய சட்டத்தை ஏமாற்ற அந்தக் காலத்தில் ஒரே குடிசையைச் சக்கரத்தில் ஏற்றி, மனைக்கு மனை உருட்டிக்கொண்டு போய், இதோ என் வீடு என்று சத்தியம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதிய ஒப்பந்தம் அது. கடைசியாக, அக்கம்பக்கத்தார் இருவர் முன்வந்து, இவர் இங்கே குடியிருக்கிறார் என்று வாயால் சொல்ல வேண்டும். இதுவும் பழைய சட்டத்திலிருந்து அப்படியே எடுத்தது. வீட்டின் அளவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வீடு கட்ட வருகிறவர் வீடு கட்டுவார் என்று ஊர் நம்பிவிட்டது.

டார்லா முதலில் கட்டியது கோழிக்கூண்டு. "கோழி இல்லாம ஹோம்ஸ்டெட் இல்லைன்னு எல்லா வீடியோவுலயும் சொன்னாங்க. வீடு இல்லாம இல்லைன்னு யாருமே சொல்லல." பிறகு ஆட்டுக் கொட்டில். பிறகு இறைச்சிக்குப் புகை போடும் அறை, போடுவதற்கு இறைச்சி இல்லாமலே. பிறகு உருளைக்கிழங்கும் கேரட்டும் வைக்க நிலத்தடியில் ஓர் அறை, அதற்குள் இறங்கப் பதினோரு படி. அவர் தூங்கியது விச்சிட்டாவிலிருந்து ஓட்டி வந்த பழைய பயண வண்டியில், நான்கு சக்கரத்தின் மேல்.

கோழிக்கூண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கான்கிரீட் அஸ்திவாரம். இடித்த பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கிய இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள். மூடிப்போன வங்கியின் ஓக் கதவு, பித்தளைப் பிடியோடு. சுவருக்குள் கம்பளி அடைப்பு. குஞ்சுகளுக்குக் குளிரக் கூடாதென்று மூலையில் சின்ன இரும்பு அடுப்பு, கூரைக்கு மேல் புகைக்குழாய். "என் வீட்டு ஜன்னல்ல ஒத்தக் கண்ணாடிதான்," என்பார் ஆர்வில். "நான் போய்ச் சேர்ந்தா சொர்க்கத்துக்கெல்லாம் அனுப்ப வேணாம். அந்தக் கூண்டுக்கு அனுப்புங்க."

வீடு கட்டவே முயலவில்லை என்று சொன்னால் அநியாயம். வைக்கோல் கட்டுகளை அடுக்கி, மேலே மண்சாந்து பூசி எழுப்பும் சுவர்களைப் பற்றி ஒரு புத்தகத்தில் படித்திருந்தார். முதல் வருடம் கோடையில் ஒரு லாரி கட்டு வந்து இறங்கியது. மூன்று சுவர் தோளுயரத்துக்கு எழும்பியது. சனிக்கிழமை பக்கத்து ஊரில் தேனீ வளர்ப்புப் பாடத்துக்குப் போனவர், ஞாயிறு திரும்பியபோது கிழக்குச் சுவர் இல்லை. அவர் வாங்கியது வைக்கோல் இல்லை. காய்ந்த புல், நல்ல தரமான தீவனம். "மூணு ஆடு சேர்ந்து என் படுக்கையறையைத் தின்னுடுச்சு. சமையலறையைக் குளிர்காலத்துக்கு வெச்சிருக்கும்னு நினைச்சேன், அதையும் விடல." அன்று மேசையில் சிரித்தவர்களில் ஒருவருக்குப் புரையேறி முதுகில் தட்ட வேண்டியிருந்தது. சத்தம் அடங்கியதும் டார்லா சொன்னார்: "இருபது வருஷம் மத்தவங்க வீடு எப்படிப் போச்சுன்னு கேட்டு எழுதினேன். ஒருத்தர் போன் பண்ணி ஆடு தின்னுடுச்சுன்னு சொல்லியிருந்தா, இனிமையா சிரிச்சிட்டு வெச்சிருப்பேன்."

தற்சார்பு என்பது அவருக்குப் பிடித்த சொல். அதைக் கேட்டாலே ஆர்வில் செவிக்கருவியைக் கழற்றுவதுபோல் பாவனை செய்வார். "நீயே விளைச்சு, நீயே கறந்து, நீயே தெச்சு உடுத்தறது. எங்க வீட்டுல இதுக்குப் பேரு ஏழ்மை."

"நான் யார் தயவும் இல்லாம வாழணும்னு வந்தேன்," என்று டார்லாவே ஒப்புக்கொள்வார். "இப்ப ஆர்விலோட டிராக்டர், ட்விலாவோட ஏணி, லினெட்டோட தம்பியோட துரப்பணம். விச்சிட்டாவுல பக்கத்து வீட்டுக்காரர் பேரு கூட எனக்குத் தெரியாது. அங்கதான் நான் தற்சார்பா இருந்திருக்கேன்." ட்விலா என்பவர் ட்விலா என்ஸ், அடுத்த மனைக்கு அடுத்த வீடு, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஏணியைக் கொடுத்தால் அது திரும்பும்போது கூடவே ஒரு டஜன் முட்டையும் வரும். ட்விலா முட்டைக்காக ஏணி கொடுக்கிறாரா, டார்லா ஏணிக்காகக் கோழி வளர்க்கிறாரா என்பது மேசையில் இன்னும் தீராத விவகாரம்.

இந்தச் செப்டம்பரில் மெர்ல் ஸ்ட்ரோபெல் டார்லாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெர்ல் தானியக் கிடங்கின் மேலாளர், ஊருக்கு மேயரும் அவரே. ஒளித்துப் பேசத் தெரியாதவர்.

"டார்லா, நவம்பர் முதல் திங்கள் ரெண்டு வருஷம் முடியுது. பார்க்க வருவோம். வீடு இல்லைன்னா மனை ஊருக்குத் திரும்பிடும். கட்டி வெச்சது எல்லாம் சேர்த்து."

"தெரியும்."

"இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. அறுவடை சமயத்துல லாரி நிறுத்த எனக்கு இடம் இல்ல. அந்த மனை வந்தா எனக்கு வசதி. பின்னால யாரோ சொல்லி நீ கேக்கறதுக்கு நானே சொல்லிடறேன்."

"அது ரொம்ப நேர்மை, மெர்ல். கூண்டை இடிக்காதீங்க. உங்க லாரி டிரைவருங்க தங்கிக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். லினெட் மட்டும் சிரிக்கவில்லை. "விளையாட்டு இல்ல இது," என்றார். "இன்னிக்கு இந்த மாநிலத்துல ஹோம்ஸ்டெட்னா பெரும்பாலும் ஒண்ணுதான் அர்த்தம். நீ குடியிருக்கிற சொந்த வீட்டைச் சாதாரணக் கடன்காரன் வந்து பிடுங்க முடியாது. டவுனுக்குள்ள ஒரு ஏக்கர் வரைக்கும். வரி பாக்கி, வீட்டு அடமானம், அதெல்லாம் வேற. அவ்வளவு பெரிய காவல் குடுத்திருக்கு சட்டம். ஆனா காவல் காக்க முதல்ல வீடு வேணும், டார்லா."

அக்டோபர் கடைசியில் ஒரு நாள் டார்லா காப்பிக்கு வந்தார், எதையும் கெடுத்ததாகச் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. மேசைக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆர்வில் தானாக, "சோப்பு எப்படி இருக்கு?" என்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். டார்லா கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "திரும்பிப் போனா வேலை குடுப்பாங்க. அதுதான் பயமா இருக்கு. மறுபடி அந்தக் குரல்ல பேச ஆரம்பிச்சிடுவேன்."

அன்று மாலையே ட்விலாவின் ஏணி டார்லாவின் மனைக்குப் போனது. மேசைக்காரர்கள் சேர்ந்து கூண்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். கட்டில் உள்ளே போனது, மேசையும் ஒரு நாற்காலியும் போயின. கோழிகள் பயண வண்டிக்குக் குடிமாறின. ஒரு வாரம் கோழிக்கூண்டின் புகைக்குழாயில் புகை வந்தது. ஊர் வழியாகப் போனவர்கள் வண்டியின் வேகத்தைக் குறைத்து, சேவல் பயண வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் நின்று கூவுவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மெர்ல் வந்தார். பின்னால் லினெட், சாட்சிகளாக ஆர்விலும் ட்விலாவும், சாட்சிகளைப் பார்க்க ஊர்த் தேர்தலுக்கு வருவதைவிடச் சற்றுப் பெரிய கூட்டம். ட்விலா ஒரு தட்டு நிறைய இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுவந்திருந்தார். முடிவு எப்படி ஆனாலும் ஏதாவது சாப்பிடத் தேவைப்படும் என்றார். இரவு அந்தப் பருவத்தின் முதல் கடும்பனி விழுந்திருந்தது. புல் நடந்தால் நொறுங்கியது.

டார்லா கதவுக்கு முன்னால் நின்றார். "மெர்ல், ஒரு அரை மணி கழிச்சு வர முடியுமா? வெயில் கொஞ்சம் ஏறட்டும்."

"ஏன்? வீட்டுக்கு வெயில் எதுக்கு?"

மெர்ல் பித்தளைப் பிடியைத் திருப்பினார். கதவு வங்கிக் கதவுகளின் மரியாதையோடு திறந்தது.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பில் கனல். கட்டிலின் மேல் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் வைக்கோல் பரப்பியிருந்தது, இம்முறை உண்மையான வைக்கோல். கட்டில் கம்பியில் வரிசையாகக் கோழிகள். தலையணை இருந்த இடத்தில் ஒரு செவலை, கண்ணை ஒரு தடவை திறந்து மெர்லைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. நாற்காலியின் முதுகில் சேவல். தரையைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்பதைக் காட்டியது.

"நேத்து ராத்திரி வண்டியில தண்ணி உறைஞ்சிடுச்சு," என்றார் டார்லா. "எனக்குத் தொப்பி இருக்கு. அதுங்க கொண்டைக்கு என்ன போடறது? உறைஞ்சா கறுத்து விழுந்துடும். அதான் உள்ள கொண்டுவந்தேன்."

"நீ எங்க படுத்த?"

"வண்டியில."

"நீயும் இங்கயே படுத்திருக்கலாமே, டார்லா," என்றார் லினெட், கெஞ்சாத குறையாக.

"படுத்துப் பார்த்தேன். நான் புரண்டு படுக்கும்போதெல்லாம் அதுங்க எழுந்து கத்துது. தூக்கம் கெட்டா முட்டை போடாது." மெர்ல் பக்கம் திரும்பினார். "உங்களை ஏமாத்தணும்னா விடியறதுக்கு முன்னாடி மாத்தியிருப்பேன். மாத்தத்தான் இருந்தேன். குளிரு குறையல."

மெர்ல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வீட்டுலேர்ந்து அம்பது அடி தள்ளித்தான் கோழிக்கூண்டு இருக்கணும்னு ஊர் விதி இருக்கு. இங்க எதுலேர்ந்து எதுக்கு அளக்கறது?" கூட்டத்தில் சாட்சியைத் தேடினார். "ஆர்வில். நீ எதிர்ல இருக்க. நேராச் சொல்லு. இவ இங்க குடியிருக்காளா?"

ஆர்வில் இரண்டு வருடமாகக் காத்திருந்த தருணம் அது, ஆனால் கேலி செய்வதற்காக. அவர் கூண்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "நான் பொய் சொல்ல மாட்டேன், மெர்ல். நேத்து ராத்திரி ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். கோழியைத் தூக்கித் தூக்கி உள்ள கொண்டு போனா. ஒண்ணொண்ணா. ரெண்டு கையில நாலு தூக்கலாம்னு ரெண்டு வருஷத்துல இன்னும் தெரியல. கடைசிக் கோழி உள்ள போனதும் இவ வெளிய வந்து கதவைச் சாத்தினா. இங்க படுக்கல."

டார்லா தலையசைத்தார். குற்றச்சாட்டில் பிழை இல்லை என்பதுபோல.

"அப்ப சரி," என்றார் மெர்ல். குரலில் மகிழ்ச்சி இல்லை.

"இரு, நான் முடிக்கல. வேற எங்கயாவது குடியிருக்காளான்னு கேளு."

"அதை ஏன் கேக்கணும்?"

"கேளேன்."

"சரிப்பா. குடியிருக்காளா?"

"இல்ல. போக இவளுக்கு ஒரு இடம் மனசுல இருந்திருந்தா, ஆடு சுவரைத் தின்ன அன்னிக்கே போயிருப்பா. போவான்னு நான் பந்தயம் கட்டியிருந்தேன். ஆலங்கட்டி மழையில தக்காளி போச்சே, அன்னிக்கும் கட்டினேன். ஒவ்வொரு தடவையும் தோத்தேன். மறுநாள் காலையில காப்பிக்கு வந்து நிப்பா, எதைக் கெடுத்தேன்னு சொல்லிக்கிட்டு. இவ எங்க படுக்கறான்னு எனக்குத் தெரியாது. எங்க எழுந்திருக்கறான்னு தெரியும். இங்கதான்."

மெர்ல் ட்விலாவின் பக்கம் திரும்பினார். ட்விலா ரொட்டித் தட்டை லினெட்டின் கையில் கொடுத்துவிட்டு, முப்பது வருடம் பேருந்தின் பின் இருக்கையை அடக்கிய குரலில் கேட்டார்: "என் மருமகன் வந்தா யார் கட்டில்ல படுக்கறான்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"என் கட்டில்ல. நான் எங்க படுக்கறேன்? சோபாவுல. கிறிஸ்துமஸ் வந்தா ஒரு வாரம். அதுக்காக வீடு மருமகன் வீடுன்னு எழுதிடுவீங்களா? பனி வந்துச்சு, விருந்தாளிங்களுக்குக் கட்டிலைக் குடுத்தா. அவ வீடு, அவ கட்டில். வேற யாரால குடுக்க முடியும்?"

மெர்ல் லினெட்டைப் பார்த்தார்.

"ஒரு ராத்திரி வெளிய போனதுக்காக வீடு வீடா இல்லாமப் போயிடாது," என்றார் லினெட். "மாநிலச் சட்டத்துலயே அப்படித்தான். திரும்பி வர்ற எண்ணம் இருக்கான்னுதான் பார்ப்பாங்க."

"எண்ணம் இருக்கா, டார்லா?"

"கோழி எல்லாம் உள்ள இருக்கே," என்றார் டார்லா.

மெர்ல் அஸ்திவாரத்தைக் காலால் தட்டினார். இரட்டைக் கண்ணாடியில் விரல் மடக்கித் தட்டினார். புகைக்குழாயை அண்ணாந்து பார்த்தார். லாரிகள் நின்றிருக்கக்கூடிய அந்த ஒரு ஏக்கரை, முள்ளும் சேர்த்து, ஒரு முறை நீளவாக்கில் பார்த்தார்.

"அஸ்திவாரம் இருக்கு, கூரை இருக்கு, கதவு இருக்கு. என் வீட்டுக் கதவை விட நல்ல கதவு. சாட்சி ரெண்டும் ஆச்சு. வீடுன்னு எழுதிக்கோ, லினெட். மனை இவளுது. கோழியை வெயில் வந்ததும் வெளிய அனுப்பிடு, டார்லா. அம்பது அடி. நானே வந்து அளப்பேன்."

ஆர்வில் ரொட்டியை எடுத்துக்கொண்டார். கூட்டம் தட்டைச் சுற்றிக் கூடியது. பேச்சு உடனே மக்காச்சோள விலைக்குப் போய்விட்டது. சந்தோஷமான செய்திகளுக்கு எங்கள் ஊரில் அவ்வளவுதான் நேரம். டார்லாவிடம் யாரோ ஒரு துண்டு ரொட்டியை நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை, கேலியாக எதுவும் சொல்லவும் இல்லை. கதவை நோக்கி நடந்தார்.

ஒரு நாளைக்கு இருபது தடவை நுழைகிற வாசல் அது. படியில் ஏறிய கால் நின்றது. குனிந்து பார்த்தார். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சேறு அப்பிய ரப்பர் பூட்சை ஒவ்வொன்றாகக் கழற்றி, படிக்கு ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். காலுறையோடு, வைக்கோலும் எச்சமும் கிடந்த அந்தத் தரையில், மெதுவாக அடியெடுத்து வைத்து உள்ளே போனார்.